கம்சிங்குக்கு வந்த உறை

வெள்ளத்தில் போன எருமையை வாலைப் பிடித்தே கரை சேர்த்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுத்த குலுக்கலில் விலக்குத் தரும் கறுப்புச் சீட்டு எடுத்து வீடு திரும்பியது. பக்கத்து ஊர்க்காரர்களை, மழை வேண்டி வானில் விடும் மூங்கில் ராக்கெட் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து தோற்கடித்தது. தூக்கத்தில் மூச்சு நின்றுபோய், அறைந்து எழுப்பியதும் பிழைத்தது. தம்பி கம்சிங் வென்றவற்றைப் பூன்லாய் இந்த வரிசையில்தான் சொல்வாள். அறைந்தவள் அவள்தான்.

அவர்கள் பக்கத்தில் திடமான ஆண்கள் தூங்கப்போய் எழுந்திருக்காமல் போவதுண்டு. புருஷன் தேடி அலையும் விதவைப் பேய் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். பெண்ணென்று நினைத்துப் பேய் விலகட்டும் என்று பூன்லாய் ஞாயிறுதோறும் தம்பியின் பத்து விரல் நகத்துக்கும் சிவப்புச் சாயம் பூசினாள்.

"தங்கச்சிக்குக் கல்யாணம் எப்போ?" என்று நெல் ஆலையில் ஆண்கள் அவனைக் கேலியாகக் கேட்பார்கள்.

"உன்னைக் கட்டிக்கிறதுக்குப் பேயே தேவல" என்பான் கம்சிங்.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வாரீ, அது இதயம் தாளம் தப்பித் துடிப்பதால் வருவது என்றார். "மாத்திரை நல்லதா, நெஞ்சுக்குள்ள வெச்சு அதிர்ச்சி கொடுக்கிற கருவி நல்லதான்னு எங்களுக்கே தெரியல. அதான் யாருக்கு எதுன்னு மூடின உறையில சீட்டுப் போட்டுக் கொடுத்துப் பார்க்கிறோம்."

கம்சிங் ஒப்புதல் தாளில் கட்டைவிரல் ரேகை வைத்தான். உறையில் மாத்திரை வந்தது.

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். "ஆராய்ச்சியை நிறுத்திட்டோம். மாத்திரைக்காரங்க மூணு பேர் தூக்கத்துலயே போயிட்டாங்க. கருவி வெச்சவங்க ஒருத்தரும் போகல. இனிமேலும் மாத்திரை மட்டும் கொடுத்தா அது பாவம். உங்களுக்கும் கருவி வெக்கிறோம்."

"மூணு பேர் போற வரைக்கும் தெரியலையா, டாக்டரம்மா?" என்று கேட்டாள் பூன்லாய்.

"ஒவ்வொரு தடவையும் கணக்குப் பார்த்தோம். தற்செயலா இருக்கலாம்னு தோணுச்சு. மூணாவது ஆளுக்கப்புறம் அப்படிச் சொல்ல முடியல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க வீடுகளுக்கு நானே போய்ச் சொன்னேன்."

கம்சிங் தரையைப் பார்த்தான். "அவங்களுக்குக் கிடைக்காதது எனக்கு எதுக்குக்கா?"

"வேண்டாம்னா நீ நாலாவது ஆளாவ. அவ்வளவுதான்" என்றாள் பூன்லாய்.

அவன் அக்காவின் முழங்கையைத் தொட்டான். "சரி, வெச்சுக்கிறேன்."

ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை விரலில் மாட்டச் சாயத்தைத் துடைக்கச் சொன்னாள் நர்ஸ். பூன்லாய் ஒரு விரலை மட்டும் பஞ்சால் துடைத்தாள். "மத்த ஒன்பதும் இருக்கட்டும்."

நர்ஸ் புது ஒப்புதல் தாளோடு மைப்பெட்டியை நீட்டினாள். கம்சிங் மைப்பெட்டியை ஒதுக்கினான். "போன தடவை என்னன்னு தெரியாமலே அமுக்கிட்டேன். படிச்சுக் காட்டுக்கா."

நாலாம் வகுப்புப் படித்த பூன்லாய் இரண்டு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல், விரல் வைத்துப் படித்தாள். புரியாத இடங்களில் நிறுத்தி டாக்டரைக் கேட்டாள். பிறகு கம்சிங் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். மாதாமாதம் மாத்திரைப் பொட்டலத்தின்மேல் இருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து அவன் எழுதிப் பழகியிருந்தது அக்காவுக்கே தெரியாது.

கையெழுத்துக்குக் கீழே தேதி: புத்த ஆண்டு 2542 (கி.பி. 1999), ஜூன் 14, திங்கட்கிழமை.