வாசல் வைக்க மறந்த கோட்டை

இப்போது எங்கள் ஊரில் சாயாக்கடை, மாவு மில், ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் உண்டு. தொடங்கியபோது ஐந்து வீடுதான். புறவழிச்சாலைக்கு வீட்டைக் கொடுத்த ஐந்து குடும்பங்கள் சேர்ந்து காரோடு ஊருக்கு மேலே ஒரு மொட்டைக் குன்றை வாங்கியிருந்தோம்.

மரச்சீனி நட்டோம், மரவள்ளிதான். இரண்டு தடவையும் காட்டுப்பன்றி புகுந்து கிழங்கை உழுதுவிட்டுப் போனது. மூன்றாவது நடவும் போனால் குன்றை விற்றுவிட்டு, முன்பு இருந்த உதியன்குளங்கரை வாடகை வீட்டுக்கே திரும்புவது என்று என் வீட்டுக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார். இந்தக் குன்றுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்.

மதில் கட்டலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். குன்றிலேயே வெட்டுகல் கிடந்தது. அவரவர் எல்லையில் அவரவர் கட்டுவதென்று பேச்சு. ஆணும் பெண்ணுமாகக் கல் வெட்டினோம், சுமந்தோம், அடுக்கினோம். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்தது. மதில் ஆள் உயரத்துக்கு எழும்பியதும், "கோட்டை கெட்டுதாவளாக்கும்!" என்று ரோட்டில் போகிறவர்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டுமே!

கடைசிக் கல்லும் வைத்த பிறகுதான் பார்த்தோம், வாசலே இல்லை.

சிரிக்காதீர்கள். அரை சென்ட் வழிக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டு ஏறியே கிழவர்களாகும் நாடு இது. வாசல் யார் பங்கில் வருகிறதோ அவர்கள் மண்தான் எல்லாருக்கும் ரோடாகிப் போகும். வேலை நடக்கும்போது ஆளுக்கொரு இடைவெளி இருந்தது. அடுத்த வீடு விடும் என்று நம்பி, கடைசி வாரம் முந்திக்கொண்டு அடைத்தோம். நானும்தான் அடைத்தேன். பிறகு ஏணி வைத்து ஏறி இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் பண்ணப் போதகர் வந்தார். வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறியவர், மதில் மேல் உட்கார்ந்து, இறங்க வழி தெரியாமல், "இது என்ன ஜெயிலா மக்கா?" என்று கேட்டார். என் மானமே போயிற்று.

அவரை அனுப்பிய கையோடு கம்பிப்பாரையை எடுத்து என் பங்கு மதிலை இடித்தேன்.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஒனக்கென்ன கிறுக்காட்டி? நம்ம மண்ணு போவும்!"

"போட்டும். பன்னி வரப்பிடாது, மனுசன் வரணும். ரெண்டும் வேணும்னா யாராவது மண்ணு விடணுமாக்கும். நான் விடுதேன்!"

சத்தம் கேட்டு வந்த தபால்காரர் குனிந்து கல்லை ஒதுக்கத் தொடங்கினார். இரும்பு கேட் வரும்வரை பன்றியைத் தடுக்க வேண்டுமே? என் வீட்டு முன்கதவையும் பின்கதவையும் கழற்றி அந்த இடைவெளியில் நிறுத்தி முட்டுக் கொடுத்தேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். மதிலுக்கு வெளியே சுற்றிலும் குளம்படி. கதவில் மூக்கை முட்டிய சேறு. உள்ளே மூன்றாவது தடவை நட்ட மரச்சீனியில் ஒரு மூடு செடி குறையவில்லை! நான் போட்ட கூச்சலில் ஐந்து வீடும் எழும்பிவிட்டது.

அந்த வாரமே தபால்காரர் தன் மண்ணிலும் ஒரு துண்டு விட்டார். மற்றவர்களும் விட, ஆட்டோ வரும் அகலத்துக்கு ரோடு விரிந்தது.

கிழங்கு பறித்த அன்று வாசலிலேயே அடுப்புக் கூட்டி அவித்து, மீன்கறியோடு எல்லாரும் தின்றோம். வாய் நிறையக் கிழங்கோடு என் வீட்டுக்காரர் உதியன்குளங்கரை வீட்டு ஓனருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அந்த வீட்டுக்கு வேற ஆளைப் பாருங்க. எங்களுக்கு ஊரு உண்டு."