ஃபர்ஸ்ட் குரூப்பில் ஒத்தை ஆள்

பத்தாவதில் கொஞ்சம் மார்க் எடுத்துத் தொலைத்தால் போதும். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நாலையும் மொத்தமாகத் தலையில் கட்டி 'ஃபர்ஸ்ட் குரூப்' என்று பேர் வைத்துவிடுவார்கள். அந்தச் சுமையைத் தூக்கின என் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

மார்க்கு இருக்கு

ஒண்ணாவதிலிருந்து நானும் செல்வியும் ஒரே பெஞ்ச்; மத்தியானம் சோத்துக்குத் தொட்டுக்கிற வெஞ்சனத்தை மாற்றிக்கொள்ளாமல் சாப்பிட்டதே இல்லை. பதினொண்ணாவதிலும் சேர்ந்துதான் என்று பேசி வைத்திருந்தோம். அட்மிஷன் அன்றைக்கு டீச்சர் மார்க்கைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. எனக்கு ஃபர்ஸ்ட் குரூப், அவளுக்கு அக்கவுண்ட்ஸ். மைதானத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. செல்வி பையை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "உனக்கென்னடி, மார்க்கு இருக்கு. போ."

ஆடு

ரெட்டியார்சத்திரத்தில் பஸ் மாறி எங்கள் ஊருக்குள் நுழைந்தால் நான் பாதி டாக்டர். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா ஒருநாள் ஆட்டையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. வயிறு உப்பியிருக்கிறதாம், செத்த நேரம் பார்க்கணுமாம். "அக்கா, எங்களுக்கு மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை, அம்புட்டுத்தான்" என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது. "மூட்டை மூட்டையா பொஸ்தகம் தூக்குற, இன்னும் ஆடு வரலையா?"

ஊசல்

என் வகுப்பில் மற்ற எல்லாரும் திண்டுக்கல்லில் ஒரே டியூஷன். டியூஷன் விடுகிற நேரத்துக்கு எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது, அதனால் நான் சேரவில்லை. அவர்கள் சிரிப்பது எதற்கென்றுகூட எனக்குத் தெரியாது. லேப்பில் ஊசல் சோதனைக்கு ரெண்டு பேர் வேணும்: ஒருத்தர் ஆட்டத்தை எண்ணணும், ஒருத்தர் ஸ்டாப் கிளாக்கை அழுத்தணும். வகுப்பு ஜோடி ஜோடியாகப் பிரிந்தது, நான் மிஞ்சினேன். வாய் எண்ண, கை அழுத்த, நடுவில் எண்ணிக்கை தப்பிப்போச்சு. சார் வந்து நின்றார். "ரெண்டு ரெண்டு பேரா செய்யச் சொன்னேன்ல? உன் ஆள் எங்கம்மா?"

வெஞ்சனம்

லேப் முடிந்து கை கழுவுவதற்குள் அக்கவுண்ட்ஸ் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். புது சிநேகிதிகள் கிடைத்த பிறகு செல்விக்கு நான் எதற்கு என்று, அந்தப் பக்கம் போகிறதையே விட்டுவிட்டேன். ஒத்தையில் உட்கார்ந்து தின்றால் எந்தக் குழம்பும் இறங்காது, உங்களுக்கே தெரியும்.

ஒருநாள், கொடுத்த உப்பு என்னவென்று கண்டுபிடிக்கிற சோதனையில், குழாயைச் சட்டையில் கவிழ்த்துக்கொண்டேன். தோல் தப்பியது, ஆனால் அழுகின முட்டை நாத்தம்! "ஐயே, வெளிய போ" என்று வகுப்பே விரட்டியது. வேறு போக்கிடமில்லாமல் மைதானத்தைத் தாண்டினேன். அங்கே எல்லாரும் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். செல்வி மட்டும் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிபன் பாக்ஸ் மூடியில் முருங்கைக்காய். நாத்தத்துக்கு அவள் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. மூடியை என் பக்கம் தள்ளினாள். "தெனமும் உனக்குன்னு எடுத்து வைக்கிறேன். நீதான் வாரதே இல்ல."

ஊசல் போய்ப் போய்த் திரும்புவதை ஒத்தையில் எண்ணப் பார்த்த இந்த ஃபர்ஸ்ட் குரூப்காரிக்கு, ஒரு மைதானத்தைத் தாண்ட ஒரு வருஷம் பிடித்தது.