எழுபத்தொன்றா, எண்பத்தெட்டா? மடுல்சீமை டர்போவின் கதை

1. "கேட்கிறதைக் குடு"

பதுளையில் ஹனீபா முதலாளியின் கடைக்கு முன்பக்கம் ஸ்பெயார் பார்ட்ஸ், பின்பக்கம் கராஜ். பின்பக்கத்தில் நான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தேன். வருகிறவர்கள் என்னை 'சந்திரன் பாஸ்' என்பார்கள். எங்கள் ஊரில் மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். வாசிக்கிற பிள்ளைகள் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை காலை ராஜ்குமார் வந்தார். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கர். தேயிலை எவ்வளவு நேரம் வாட வேண்டும், என்ன சூட்டில் காய வேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள். வேலையில் ரொம்பச் சுத்தம். வண்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பைத்தியம். பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, டர்போ எஞ்சின் இறக்கி, சைலன்சரை மாற்றி வைத்திருந்தார். அந்த வண்டி பசறையைத் தாண்டும்போதே மடுல்சீமையில் நாய்கள் எழுந்து நிற்கும் என்று சொல்வார்கள்.

"பாஸ், ஏத்தத்துல சூடு காட்டுற ஊசி மேல போகுது. எழுவத்தொண்ணு டிகிரி தெர்மோஸ்டாட் ஒண்ணு போடணும். மலைப்பாதைப் போட்டி வருது."

"கம்பனி போட்டது எண்பத்தெட்டுங்க. எதுக்கு அவ்வளவு இறக்கணும்?"

"யூடியூப்ல பார்த்தேன். ரேஸ் வண்டி எல்லாம் கூலாத்தான் ஓடுது."

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கதவு. உள்ளே மெழுகு இருக்கும். எஞ்சின் தண்ணீர் குறித்த சூட்டுக்கு வந்ததும் மெழுகு விரிந்து கதவைத் தள்ளும். அப்புறம்தான் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி வரும். எண்பத்தெட்டு என்றால் எண்பத்தெட்டில் திறக்க ஆரம்பிக்கும். எழுபத்தொன்று என்றால் எஞ்சின் சரியாகச் சூடாவதற்கு முன்பே திறந்துவிடும்.

இதை நான் விளக்கத் தொடங்கியதும் முன்பக்கத்திலிருந்து முதலாளியின் குரல் வந்தது.

"சந்திரன், மனுசன் கேக்கிறதக் குடுங்க. அவரு வாயில டீயை வெச்சே எந்தத் தோட்டத்து டீன்னு சொல்லுறவரு. ஒங்க பாடம் அவருக்கு எதுக்கு?"

கொடுத்தேன். மாட்டியும் விட்டேன். முன்பக்க கிரில் வழியாக ரேடியேட்டர் பக்கம் பார்த்தேன், சுத்தமாகவே இருந்தது. ராஜ்குமார் பஜாரே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு போனார்.

2. மூடிக்குள் வெள்ளை

சில வாரம் கழித்து அதே வண்டி வந்தது. இந்த முறை சத்தமே இல்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். முகம் செத்துப்போயிருந்தது.

"எஞ்சின் போச்சு பாஸ்."

"என்னங்க ஆச்சு?"

பொனட்டைத் திறந்து, எஞ்சின் எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி என் கையில் வைத்தார். உட்பக்கம் வெள்ளையாக, வழவழவென்று, தயிரைக் கடைந்து பூசியது போல இருந்தது.

"எண்ணெயில தண்ணி கலந்திருச்சு. ஹெட் கேஸ்கட் போயிருச்சு. பசறையில ஒருத்தர் பார்த்துட்டு ஹெட்டைக் கழட்டணும்னு சொல்லிட்டாரு. கழட்டினா அதோட இது கேஸ்கட், அது கேஸ்கட்னு இழுத்துக்கிட்டே போகும். பேசாம வித்துரலாம்னு பார்க்கிறேன். ஹாலிஎலயில ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

இதைச் சொல்லும்போது வண்டியைப் பார்க்காமல் எதிர்க்கடை போர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கே பாவமாகிவிட்டது.

எண்ணெய் பார்க்கிற டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். கீழே எண்ணெய் நன்றாகவே இருந்தது, கறுப்பு நிறம், பால் கலக்கவில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன், தண்ணீரில் குமிழி வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் பிரித்து வைப்பது ஹெட் கேஸ்கட்; அது போன வண்டி இப்படி இருக்காது. ஆனால் புகையில் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

"பெட்ரோல் கூட குடிக்குதா?"

"குடிக்குது பாஸ். பெட்ரோல் அடிக்கவே வாரத்துக்கு ரெண்டு தரம் பசறைக்கு ஓடுறேன்."

"காலையில ஊசி எங்க நிக்குது?"

"கீழதான். ஏறவே மாட்டேங்குது. அது நல்லதுதானே?"

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. "டீமேக்கர், ஒண்ணு கேக்கிறேன். ட்ரையர்ல சூட்டைக் கொறைச்சு ஓட்டினா என்ன ஆகும்?"

சட்டென்று நிமிர்ந்தார். தொழில் பேச்சு வந்துவிட்டால் மனிதர் மாறிவிடுவார். "ஐயையோ, அப்புடி எல்லாம் செய்யக் கூடாது. ஈரம் வெளிய போகாது. தேயிலை காயிறதுக்குப் பதிலா உள்ளுக்குள்ளயே அவிஞ்சிரும். கப்புல ஊத்தினா செத்த டீ. ஏலத்துல ஒருத்தனும்..."

பேச்சு பாதியில் நின்றது. என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஈரம்," என்றார்.

"ஈரம்தான். எஞ்சினுக்குள்ள காத்துல இருக்கிற ஈரம், சூடானா ஆவியாப் போயிரும். நீங்க சூடாகவே விடல. அதனால மூடியில வந்து ஒட்டுது. எஞ்சின் இன்னும் குளிரா இருக்குன்னு நெனைச்சு வண்டியோட கம்ப்யூட்டரும் பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கு. மடுல்சீமை மூடுபனியில எழுவத்தொண்ணப் போட்டு நீங்க எஞ்சினை அவிச்சு வெச்சிருக்கீங்க."

தலையில் கையை வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரித்தார். ஹாலிஎலக்காரருக்கு அங்கேயே ஃபோன் எடுத்து, வண்டி விற்கவில்லை என்று சொன்னார்.

புது எண்பத்தெட்டு ஒன்று கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். கைக்கு எட்டுகிற வேலைதான், சரி என்றேன். கிளம்பும்போது முதலாளி வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னார்.

"மாட்ட முந்தி தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சு, தொறக்குதான்னு பாத்துக்கங்க."

இந்த நல்ல வார்த்தைதான் அடுத்த வம்புக்குக் காரணம்.

3. பால் சட்டி

திங்கட்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் முதலாளி பின்பக்கம் ஓடிவந்தார். கையில் ஃபோன். வண்டிக்காரர்கள் கூடுகிற ஃபேஸ்புக் குழு ஒன்றில் ராஜ்குமார் படம் போட்டிருந்தார். சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. உள்ளே நம் தெர்மோஸ்டாட் பாதி வாய் திறந்து கிடக்கிறது. மேலே எழுதியிருந்தது: 'பதுளையில் தெர்மோஸ்டாட் வாங்குவோர் கவனம். டூப்ளிகேட்.'

கடைப் பெயர் இல்லை. ஆனால் ராஜ்குமார் எங்கே சாமான் வாங்குவார் என்று ஊருக்கே தெரியும். மத்தியானத்துக்குள் ஒருவர் ஃபேன் பெல்ட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். இன்னொருவர் போன மாதம் வாங்கிய ப்ளக் ஒரிஜினலா என்று ஃபோனில் கேட்டார்.

"சந்திரன், எங்க வாப்பா காலத்துலருந்து இந்தக் கடையில டூப்ளிகேட் ஒரு சாமான் வித்ததில்ல. நீங்க போங்க. போய் அந்த மனுசன்ட கண்ணு முன்னால கொதிக்க வெச்சுக் காட்டிட்டு வாங்க."

போகும் முன் இன்னொரு புது எண்பத்தெட்டை எங்கள் கடை கேஸ் அடுப்பில் கொதிக்க வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட முழுசாகத் திறந்தது. அதையே பெட்டியில் போட்டுக்கொண்டு தைரியமாக பஸ் ஏறினேன்.

மடுல்சீமையில் நல்ல பனி. ராஜ்குமாரின் குவார்ட்டர்ஸ் ஃபெக்டரிக்குக் கீழேயே இருந்தது. என்னைக் கண்டதும் அவருக்குச் சங்கடம். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்களே பாருங்க பாஸ்" என்று குசினிக்குக் கூட்டிப்போய் சட்டியில் தண்ணீர் வைத்தார். நான் கொண்டுபோனதைப் போட்டேன். தண்ணீர் கொதித்தது. தெர்மோஸ்டாட் பாதி திறந்தது. அதற்கு மேல் அசையவில்லை.

எனக்கு வேர்த்துவிட்டது. கடையில் இதே சாமான் திறந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

ராஜ்குமார் ஃபெக்டரியிலிருந்து தன் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து தண்ணீரில் விட்டார். தொண்ணூற்றைந்து காட்டியது. அடுப்பைக் கூட்டினோம். கொதி கூடியதே தவிர தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை.

"ஒங்க தெர்மாமீட்டர் பழுது," என்றேன்.

"என் தெர்மாமீட்டரா? இதை வெச்சுத்தான் பாஸ் நான் தோட்டத்துக்கே டீ போடுறேன். ஒங்க தெர்மோஸ்டாட்தான் பழுது."

"அப்ப ரெண்டு தெர்மோஸ்டாட்டும் பழுதா?"

"ஒரே பெட்டியில வந்தது தானே!"

இரண்டு பேரும் சட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய மனைவி தேவிகா ஸ்கூலிலிருந்து வந்துவிட்டார். அங்கே சயன்ஸ் டீச்சர். குடையை மடக்கிக்கொண்டே குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"அது பால் காய்ச்சுற சட்டி," என்றார்.

ராஜ்குமார் அடுப்பை அணைத்தார்.

"இரும்பை எடுங்க மொதல்ல. என்ன பிரச்சனை?"

நான் சொன்னேன். கேட்டுவிட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அண்ணே, மலை மேல தண்ணி நூறு வரைக்கும் போகாது. காத்தோட அழுத்தம் கொறைவு. இங்க தொண்ணூத்தஞ்சுலயே கொதிச்சிரும். பதுளை கீழ இருக்கு, அங்க தொண்ணூத்தெட்டுக்குக் கிட்ட போகும். இந்தச் சாமான் முழுசாத் தொறக்க எவ்வளவு வேணும்?"

"எண்பத்தெட்டுல ஆரம்பிச்சு நூறுக்குக் கிட்ட முழுசாத் தொறக்கும்."

"அப்ப தொண்ணூத்தஞ்சு தண்ணியில அது பாதிதான் தொறக்கும். பாவம், அது சரியாத்தான் வேலை செய்யுது. எஞ்சினுக்குள்ள ரேடியேட்டர் மூடி அழுத்தம் பிடிச்சு வெச்சிருக்கும், குக்கர் மாதிரி. அதனால அங்க நூறுக்கு மேல போனாலும் கொதிக்காது. இங்க பருப்பை நான் குக்கர்லதானே வேக வெக்கிறேன், சாப்பிடுறவருக்குத் தெரியாதா?"

சாப்பிடுகிறவர் சுவரைப் பார்த்தார்.

4. யாரும் கேட்காத கேள்வி

டீ வந்தது. நல்ல டீ. ராஜ்குமார் மெல்ல ஆரம்பித்தார். "அப்ப பாஸ், சாமான் ஒரிஜினல். ஆனா ஏத்தத்துல சூடாகுறது இருக்கே? எண்பத்திரெண்டு போட்டா என்ன? எழுவத்தொண்ணும் இல்ல, எண்பத்தெட்டும் இல்ல."

கேள்வி தப்பில்லை. டர்போ வண்டியைப் போட்டியில் அழுத்தி ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் எண்பத்திரண்டுதான் போடுகிறார்கள். கதவு கொஞ்சம் முந்தித் திறக்கும், சூட்டில் பெட்ரோல் முந்தி வெடித்து எஞ்சின் தட்டுகிற பயம் குறையும். நான் அதைச் சொல்ல வாயெடுத்தபோது தேவிகா டீச்சர் கேட்டார்:

"இந்த வண்டியை யாரு ஓட்டுறதுன்னு ரெண்டு பேர்ல யாராவது யோசிச்சீங்களா?"

"நான்தானே," என்றார் ராஜ்குமார்.

"நீங்க வருஷத்துக்கு ஒருநாள் போட்டியில ஓட்டுறீங்க. சனிக்கிழமை பதுளைக்கு ஓட்டுறீங்க. தினம் காலையில பனிக்குள்ள ஸ்கூலுக்கு ஓட்டிக்கிட்டுப் போறது யாரு? ஏறி உக்காந்து, எஞ்சின் சூடாகுறதுக்குள்ள ஸ்கூல் கேட் வந்துரும். சாயந்தரம் திரும்பவும் அதே. ஹெட்டைக் கழட்டிப் போட்டிருந்தா நான் நடந்துதான் போயிருக்கணும். இந்த ரோட்டுல பஸ் எப்ப வரும்னு பஸ்ஸுக்கே தெரியாது."

எனக்கு அப்போதுதான் முழுக் கணக்கும் விளங்கியது. மூடியில் ஒட்டிய ஈரத்துக்கு எழுபத்தொன்று பாதிக் காரணம். குளிரில் கொஞ்ச தூரம் மட்டும் ஓடி நிற்கிற வண்டி என்பது மீதிக் காரணம். அப்படி ஓடுகிற எஞ்சினுக்குக் கம்பனி போட்ட எண்பத்தெட்டுதான் சரி. சீக்கிரம் சூடாகி அந்தச் சூட்டிலேயே நிற்கும்.

"ஏத்தத்துல சூடாகுறது?" ராஜ்குமார் விடவில்லை.

"தெர்மோஸ்டாட் கீழ் எல்லையைத்தான் பிடிக்கும். இந்தச் சூட்டுக்குக் கீழ போகாதேன்னு சொல்லும். மேல போகாம பார்க்கிறது ரேடியேட்டர் வேலை. வாங்க, வண்டியைப் பார்ப்போம்."

டீச்சர் ஸ்கூலிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய வண்டி, ஃபெக்டரியின் பெரிய ஃபேன்கள் காற்றை வெளியே தள்ளுகிற சுவருக்கு நேர் கீழே நின்றது. மேலிருந்து பஞ்சு போலத் தேயிலைத் தூசி இறங்கிக்கொண்டே இருந்தது. ஏசியின் கண்டென்சரைக் கழற்றி முன்னால் இழுத்தோம். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், பழுப்பு நிறத்தில் மெத்தை மாதிரி அடைத்திருந்தது. விரலால் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்து பார்த்தேன்.

"என்ன தரம்னு சொல்லுங்க டீமேக்கர்," என்று நீட்டினேன்.

வாங்கி முகர்ந்தும் பார்த்தார், பழக்கதோஷம். அதற்குப் பிறகுதான் வெட்கப்பட்டார். தேவிகா டீச்சர் இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை.

தண்ணீர் பீச்சி, பிரஷ் போட்டு, ரேடியேட்டரின் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற வரைக்கும் கழுவினோம். எண்பத்தெட்டை மாட்டினோம். என்னைப் பதுளையில் விட வரும்போது, டீச்சரையும் ஏற்றிக்கொண்டு, அவர் வேண்டுமென்றே பாதியில் திருப்பி ஏத்தத்தில் அழுத்தி ஓட்டிக் காட்டினார். ஊசி நடுவில் போய் நின்றது, நின்றதுதான்.

கடைக்கு வந்து முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டார். முதலாளி அதை வாயால் கேட்டால் போதாது, எழுத்தில் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ராஜ்குமார் கடையிலேயே நின்று குழுவில் எழுதினார்: 'தெர்மோஸ்டாட் ஒரிஜினல். எங்கள் ஊர்த் தண்ணீர்தான் சீக்கிரம் கொதிக்கிறது.' அதற்குக் கீழே வந்த கேலிகளை முதலாளி ஒரு வாரம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். வியாபாரமும் கொஞ்சம் கூடியது என்றுதான் நினைக்கிறேன்.

போட்டி முடிந்த அன்று சாயந்தரம் ஃபோன் வந்தது.

"பாஸ், ப்ரைஸ் ஒண்ணும் இல்ல. நடுவுல எங்கயோ வந்தேன். ஆனா ஊசி அசையவே இல்ல!"

பின்னாலிருந்து டீச்சரின் குரல்: "அண்ணே, ஊசி அசையிற அளவுக்கு இவரு ஓட்டவே இல்ல. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக். அடுத்த முறை லேடீஸ் பிரிவுல நான் பேர் குடுக்கப் போறேன்."

"கேட்டீங்களா பாஸ்? அவ ஓட்டுறதா இருந்தா மட்டும் எண்பத்திரெண்டு போடலாமாம்."

"போட்டிக்கு முதல் நாள் மாட்டுங்க, மறுநாள் கழட்டிருங்க," என்றேன். உண்மையில் அதுதான் சரியான பதில்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி சூடாகிறது என்று வந்தால் முதலில் ரேடியேட்டரைப் பாருங்கள், கண்டென்சரை நகர்த்தி அதன் பின்னாலும் பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் டிகிரியைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகு. யோசிக்கும்போது, வண்டி எங்கே ஓடுகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அநேகமாக எல்லா ஆண்களும் 'நான்தான்' என்பார்கள். உடனே நம்பிவிடாதீர்கள். பக்கத்துச் சீட்டில் இருக்கிறவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள்.