வாயில்லா ஜீவனுக்கு வாங்கிய மாத்திரை

"ரிஜெக்ட் போயிட்டாருண்ணே" என்று கூட வேலை பார்த்த செல்வம் போனில் சொன்னபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கப்பலூர் ரப்பர் கம்பெனியில் எங்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்த சௌந்தரபாண்டியனுக்கு, அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் அது. மாரடைப்பாம், தூக்கத்திலேயே முடிந்துவிட்டதாம். யாரையும் நிம்மதியாகத் தூங்கவிடாத மனிதருக்கு இப்படி ஒரு சாவா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. அவரிடம் வேலை பார்த்தவர்கள் இதைப் படித்தால் எரிச்சலுக்குக் காரணம் கேட்க மாட்டார்கள். அழுகைக்குத்தான் கேட்பார்கள்.

அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டே இரண்டு. ஓகே, ரிஜெக்ட். ரப்பரை அச்சில் அழுத்தும் எங்கள் பிரஸ்ஸில் இருந்து வரும் வாஷரை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்து இரண்டில் ஒன்றைச் சொல்வார். சாமானோடு நிறுத்தியிருந்தால் அவரைக் கும்பிட்டிருக்கலாம். மோல்டிங் பிரிவில் நின்ற கருப்பையா அண்ணன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் பழம் வெற்றிலையோடு நீட்டினார். அதை மேலிருந்து கீழ்வரை படித்து, பெண் பெயரில் ஒற்றெழுத்து விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சுழித்து, "ரிஜெக்ட்" என்று தட்டிலேயே திருப்பி வைத்தார். கருப்பையா அண்ணன் பழத்தை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போனார். கல்யாணத்துக்கு இவர் போனார். சாம்பாரையும் ரிஜெக்ட் செய்துவிட்டு வந்தார். ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். அவர் ஓகே சொல்லி அனுப்பிய சரக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினார். அதற்கு 'ஓகே' என்று பெயர் வைத்தார். அவர் வாழ்நாளில் அந்தச் சொல்லை முழுமனதோடு வாங்கிய ஜீவன் அது ஒன்றுதான். பழங்காநத்தத்தில் என் தெருவுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. மாடியில் அவரும் அவர் மனைவி பேச்சியம்மாள் அக்காவும், கீழே ஒரு குடித்தனம். ஓகே தின்று தின்று கொழுத்தது. வயதானதும் பின்னங்கால் மடங்கவில்லை. எழுந்திருக்கும்போது தரையைப் பிறாண்டிக்கொண்டு முனகும். கால்நடை டாக்டர் இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார். எடையைக் குறைக்க வேண்டும், படி ஏறக்கூடாது, வழுக்கும் தரை ஆகாது, மூட்டுக்குச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அது மந்திரமில்லை, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றார். சௌந்தரபாண்டியன் அண்ணன் டாக்டருக்கு ஓகே சொன்னதை அன்றுதான் பார்த்தேன்.

மறுவாரமே கீழ்க்குடித்தனத்தைக் காலிசெய்ய வைத்தார். அந்தக் கூடம் முழுக்க ரப்பர் விரிப்பு போட்டு நாயைக் குடிவைத்தார். அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து பல வருஷம் ஆகிறது. படியில் பக்கவாட்டாக, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்குவார். அடுப்படி மாடியில், நாய் கீழே. சோற்றை, தண்ணீரை, மாத்திரையைத் தூக்கிக்கொண்டு அக்காதான் இறங்கி ஏற வேண்டும். நாமும் கீழேயே இருந்துகொள்வோமா என்று அக்கா கேட்டாராம். மாடியில்தான் காற்று வருகிறது என்றாராம் அண்ணன்.

மாத்திரை வாங்க என் வண்டியில்தான் ஆரப்பாளையம் மருந்துக் கடைக்குப் போவோம். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள், பழகின பயம். அந்தக் கடையில் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். டப்பாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முன்பக்கம் இருக்கும் துள்ளுகிற நாய்ப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கப் பொடி எழுத்துக்குப் போவார். ஒரு மாத்திரையில் மூட்டுச் சத்தான குளுக்கோசமைன் எவ்வளவு, காண்ட்ராய்டின் எவ்வளவு என்று அளவு போடாவிட்டால் ரிஜெக்ட். நாயின் எடைக்கு எத்தனை என்று சொல்லாவிட்டால் ரிஜெக்ட். மனிதர்களுக்கு விற்கும் இனிப்பு மாத்திரையைக் கடைக்காரப் பெண் எடுத்துக் காட்டியபோது, அதில் சர்க்கரைக்கு மாற்றாகப் போடும் சாமானில் சிலது நாயைக் கொன்றுவிடும் என்று அவளை நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். மூன்றே நாளில் ஓடும் என்று போட்டிருந்த டப்பாவை மேசைமேல் எறிந்தார். "மூணு நாள்ல ஓடுச்சுன்னா உள்ள வலி மாத்திரைய கலந்திருப்பான். வலிய மறைக்கிறது வைத்தியமாய்யா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

திரும்பி வரும்போது, அக்காவையும் ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டலாமே என்று மெதுவாகச் சொன்னேன். வண்டியின் பின்னால் இருந்து பதில் வந்தது.

"வாயில்லா ஜீவனுக்குத்தான்யா நாம பாக்கணும். அவளுக்கு வாயிருக்குல்ல."

அக்கா வாயைத் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. திறந்தால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு டப்பா முடிந்தது. ஓகேயிடம் மாற்றமில்லை. கம்பெனியை மாற்றினார், அடுத்ததிலும் இல்லை. மீன் எண்ணெய் சேர்த்தது, ஈரல் வாசனை போட்டது என்று வாங்கிப் பார்த்தார். நாய் எழுந்திருக்கவே யோசிக்க ஆரம்பித்தது. வேளை தவறாமல் மாடியில் இருந்து குரல் கொடுப்பார், "மாத்திர குடுத்தாச்சா?" கீழிருந்து பதில் வரும், "குடுத்தாச்சு." கடைக்காரப் பெண்ணை, காலாவதியான சரக்கை விற்கிறாய் என்று ஆட்கள் நிற்கும்போதே திட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த டப்பாவை எடுத்துவைத்தாள். அதையும் பின்பக்கம் திருப்பிப் படித்தார்.

அந்தத் தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். மணியடித்ததும் அக்கா படியில் நேராக, கம்பியைப் பிடிக்காமல் இறங்கி வந்து கதவைத் திறந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் தேவலையா அக்கா என்றேன். மாடியில் நின்ற அண்ணன்தான் பதில் சொன்னார்.

"பாத்தியா மாப்ள? இம்புட்டு நாளும் நடிச்சிருக்கா."

அக்கா பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு போனேன். அக்கா கீழே, ரப்பர் விரிப்பின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டில், மிக்சி, சாமி படம் எல்லாம் கீழே வந்திருந்தன. ஓகே எங்கே என்று கேட்டேன். கண்ணை மேலே காட்டினார். பிணம் எடுத்த அன்றைக்குக் கூட்டத்தில் குறுக்கே நிற்கிறதென்று, காரியத்துக்கு வந்திருந்த மகன் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் கட்டியிருக்கிறான். அப்புறம் அதை யாரும் இறக்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டபோது முனகல் கேட்டது.

"சோறு வைக்க மட்டும் ஏறுறேன் தம்பி. அப்ப மட்டும் கால் வலியே தெரியல" என்றார்.

அவரே பேசினார். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினார். மாத்திரையை எல்லாம் தான்தான் தின்றதாகச் சொன்னார். முதல் டப்பா வந்த அன்றைக்கு, இது மூட்டுக்கு என்று அண்ணன் நாயின் காதில் கொஞ்சிக்கொண்டே சொன்னதைப் படியில் நின்று கேட்டிருக்கிறார். மறுநாளில் இருந்து சோற்றை நாய்க்கு வைத்துவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். ஈரல் வாடை குமட்டவில்லையா என்றேன். கருவாடு ஆய்கிற கைக்கு அது ஒரு வாடையா என்று கேட்டார். மாத்திரைதான் வேலை செய்ததா, தனக்கென்று அந்த வீட்டில் ஒன்று கிடைத்த தெம்பா, எனக்குத் தெரியாது. வலி குறைந்தது என்னவோ நிஜம்.

"அது என்னயப் பாத்துக்கிட்டே இருக்கும். நானும் அதப் பாத்துக்கிட்டே முழுங்குவேன். வாயில்லா ஜீவனுக்குன்னுதானே வாங்கியாந்தாரு. இந்த வீட்ல எனக்கு எங்க தம்பி வாயிருந்துச்சு?"

நான் அக்காமேல் கோபப்பட்டேன். அவ்வளவு காலம் வலியோடு ஊர்ந்த நாய்மேல் ஒரு பாவமும் இல்லையா என்று கேட்டே விட்டேன். இருந்தது, ஆனால் கால் வலி அதைவிட அதிகமாக இருந்தது என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுதுங்க, அவரு படிக்கவா போறாரு" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். அண்ணன் சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது.

மாடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். நாய் படிக்கு நாலடி தள்ளியே நின்று நடுங்கியது. கீழே பார்க்கவே பயந்தது. இடுப்பொடியத் தூக்கி இறக்கினேன். என் வீட்டுக்குக் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றும்போது அக்கா ஒரு புது டப்பாவைக் கையில் கொடுத்தார். அண்ணன் கடைசியாக ஓகே சொல்லி வாங்கி வைத்தது. மூடியைத் திறக்கவில்லை. தனக்கு இனி தேவைப்படாது, படி ஏற வேண்டியதில்லையே என்றார்.

சௌந்தரபாண்டியன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான்: டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம், பெயரைக் கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கும் ஒரு நாய். தினமும் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுகிறேன். ஈரல் வாசனை எனக்கே தெரிகிறது. அதற்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அது வாயைத் திறப்பதில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு, நான் விழுங்கட்டும் என்று காத்திருக்கிறது.