கிருத்திகையன்று வெந்த முட்டை

இலவசமாகக் கொடுத்தால் மக்கள் மதிக்கமாட்டார்கள் என்று ஒரு கொள்கை இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் எல்லோரும் நல்ல சட்டை போட்டிருப்பார்கள். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுக்க இப்படிப்பட்ட கொள்கைகள் என் மேசை வழியாகத்தான் போயின. ஓய்வு பெற்ற பிறகாவது அவை என்னைத் தேடி வராது என்று நினைத்தேன். சூரிய அடுப்பு உருவத்தில் என் மச்சினி வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

மச்சினி என்றால் என் மனைவியின் தங்கை; அக்கா புருஷன் என்பதால் என்னைப் பாவா என்று கூப்பிடுவாள். திருத்தணியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கணவன் இல்லை. கடைவீதியில் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கேரியரில் கட்டிக் கொடுப்பாள். மாதாமாதம் கிருத்திகையன்று வியாபாரம் இரட்டிப்பாகும். மலைக்குப் போய் வந்து ஒருவேளை மட்டும் உண்ணும் விரதக்காரர்கள், வெங்காயம் பூண்டு இல்லாத அவள் சமையலைத்தான் கேட்பார்கள். வீட்டுக்கு வரும் சிலிண்டர் இந்த வேலைக்குப் பாதி மாதம்கூடத் தாங்காது. கடைச் சிலிண்டர் வாங்கினால் சாப்பாட்டு விலையை ஏற்ற வேண்டும், ஏற்றினால் ஆட்கள் ஓட்டலுக்குப் போய்விடுவார்கள். ஆகவே கொல்லையில் விறகடுப்பு.

அந்தப் புகை அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது உள்ளே விசில் கேட்கும். "இன்னொரு மழைக்காலம் இந்த அடுப்புகிட்ட உட்கார்ந்தீங்கன்னா, அப்புறம் ஆக்ஸிஜன் வெச்சுத்தான் பாக்கணும்" என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார்.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் சூரிய அடுப்போடு வந்தது. பெரிய பெட்டி, மேலே இரட்டைக் கண்ணாடி மூடி, வெயிலை உள்ளே தள்ள ஒரு நிலைக்கண்ணாடி, கறுப்புப் பூச்சு பூசிய நான்கு பாத்திரங்கள். மானியம் கிடையாது, தவணை உண்டு. தெருவுக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடித்து, அவர் வீட்டிலேயே சமைத்துக் காட்டி, அந்தக் காட்சிப் பெட்டியை அவருக்கே விலை குறைத்துக் கொடுப்பது அவர்களுடைய முறை. சந்தை தானாக வளருமாம்.

மச்சினிக்கு அந்தத் தத்துவமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "பாவா, பொகையே வராதாமே! காலையில வெயில்ல வெச்சா மதியத்துக்குள்ள சோறு பருப்பு ரெண்டும் வெந்துடுமாம். தாளிக்க மட்டும் கேஸு. எனக்கு வேற இன்னா வேணும்?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

காட்சிக்குக் கிருத்திகையைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு நாள் வையுங்கள், அன்றைக்கு அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்று சொன்னேன். "சார், அன்னைக்குத்தான் தெருவுல கூட்டம் இருக்கும், ஃபுட்ஃபால் முக்கியம் சார்" என்றான் அந்தப் பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், நிறுவனத்தின் மண்டல அதிகாரி.

கிருத்திகையன்று மச்சினி வழக்கம்போல் விறகடுப்பில் சமைத்துக் கேரியர்களை அனுப்பிவிட்டாள். வாசலில் காலையிலேயே பெட்டியை வைத்து, நான்கு பாத்திரங்களையும் அந்தப் பையனே நிரப்பி மூடியிருந்தான். மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் நெற்றி நிறைய விபூதியோடு சுற்றி நின்றார்கள். மூன்று பாத்திரங்களில் சோறு, பருப்பு, கிழங்கு. எல்லாம் பதமாக வெந்திருந்தன. பெண்கள் தலையாட்டினார்கள். நாலைந்து பேர் தவணை பற்றிக்கூடக் கேட்டார்கள். அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"இப்ப ஒரு மேஜிக்" என்று நான்காவது பாத்திரத்தைத் திறந்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று முட்டைகள். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெந்தவை.

தெரு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை வியப்பு என்று எடுத்துக்கொண்டான். ஒரு முட்டையை உரித்து, முன்னால் நின்ற விரதக்காரப் பெண்ணிடம் நீட்டி, "டேஸ்ட் பண்ணிப் பாருங்கம்மா" என்றான்.

"அட கஸ்மாலம்! இன்னிக்கு இன்னா நாளுடா?" என்றாள் அவள்.

எங்கள் ஊரில் கிருத்திகை விரதத்துக்கென்று தனிப் பாத்திரங்களே உண்டு. முட்டையோ மீனோ கறியோ, கவிச்சி பட்ட பாத்திரம் அன்று பரணில் இருக்கும், விரதப் பாத்திரம் அடுப்படியில் இருக்கும், இரண்டும் ஒரே துணியால்கூடத் துடைக்கப்படுவதில்லை. சந்தையைப் படித்தவனுக்கு இதை யாரும் பாடத்தில் வைக்கவில்லை. தெருவில் நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஒரே ஒரு கேள்வி. அதற்குச் செலவும் இல்லை, அதனால்தான் கேட்கவில்லை போலும்.

மாலைக்குள் செய்தி கடைவீதி முழுக்கப் பரவியது. அன்றைய சாப்பாடு விறகடுப்பில் வெந்தது என்று அவள் சத்தியம் செய்தும் பயனில்லை. அடுத்த கிருத்திகைக்கு ஒரு கேரியர்கூட வரவில்லை. மற்ற நாட்களிலும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். பஸ் நிலையத்து பேக்கரியில் நின்று முட்டை பஃப்ஸ் தின்கிற அதே ஆட்கள்தான். அந்தப் பாசாங்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

அதன் பிறகு அவள் செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பெட்டியை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, விறகடுப்பைக் கொல்லையிலிருந்து வாசலோரத்துக்கு மாற்றினாள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கட்டும் என்று, இருமிக்கொண்டே ஊதுகுழலால் ஊதினாள்.

"செத்துப் போகப் போறியா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க பாவா. பாத்தாத்தான் நம்புறாங்க. நம்பினாத்தானே கேரியர் வரும்?" என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினாள்.

நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். முட்டை வேகவைத்தது தயாரிப்புக் குறைபாடு ஆகாதாம். புதுப் பெட்டி வேண்டுமானால் பத்து வீடுகள் சேர்ந்து கேட்க வேண்டுமாம். "இது பிஹேவியர் சேஞ்ச் பிரச்சினை சார், கொஞ்சம் டைம் எடுக்கும்" என்றான் பையன். திருந்த வேண்டியது இந்தத் தெருவாம், அவன் இல்லையாம்.

எனக்கு ஆயுதப் பயிற்சி கிடையாது. மனு எழுதத் தெரியும். நுகர்வோர் ஆணையத்துக்கு எப்படிப் போக வேண்டும், எதை இணைக்க வேண்டும், யாருக்கு நகல் போட்டால் யார் தூக்கம் கெடும் என்பதெல்லாம் அத்துப்படி. மனுவின் வரைவையே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். அதுவரை அசையாத சந்தை உடனே அசைந்தது. முத்திரை பிரிக்காத புதுப் பெட்டி லாரியில் வந்தது. கூடவே ஒரு வேண்டுகோள்: அம்மா சிரித்த முகமாகப் பெட்டியோடு நிற்கும் படம் ஒன்று வேண்டும், வெற்றிக் கதைக்காக. நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

பெட்டியைத் தெருப் பெண்களைக் கூட்டி வைத்துத்தான் பிரித்தேன். ஒட்டியிருந்த நாடாவை ஒவ்வொருவருக்கும் காட்டினேன். ஜப்தி செய்த பொருளைச் சாட்சிகள் முன்னால் மகஜர் போட்டுத் திறப்பதுபோல் இருந்தது.

"பொட்டி புச்சுதான், ஒத்துக்கிறோம். மூடி வெச்சிட்டா உள்ள இன்னா வேவுதுன்னு யார் கண்டது?" என்றாள் ஒருத்தி.

"மூடி கண்ணாடிக்கா. பாத்திரத்துல அரிசி போடறதுலேர்ந்து மூக்க வெச்சுப் பாத்துகினே நில்லு" என்றாள் மச்சினி. சிரிப்பு எழுந்தது.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கூடப் பிறந்த அக்கா. "எல்லாம் சரிடி. மத்த நாளைக்குப் பொட்டியில ஆக்கிக்கோ. கிருத்திகைக்கு மட்டும் அடுப்புலயே ஆக்கிடு. எல்லாரும் வாங்குவாங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள், "ஆங், அதான் நாயம்" என்று ஒத்து ஊதினார்கள்.

எனக்குப் பதில் வாய்வரை வந்துவிட்டது. மச்சினி முந்திக்கொண்டாள்.

"அந்த அடுப்ப இனிமே பத்தவெக்க மாட்டேங்க்கா. கிருத்திகையன்னிக்கும் இதுலதான் ஆக்குவேன். வேணும்னா கேரியர் அனுப்பு. வேணாம்னா மலையிலயே பிரசாதம் வாங்கித் துன்னு."

முன்பெல்லாம் கிருத்திகைதோறும் அவளிடம் போகும் எங்கள் வீட்டுக் கேரியர், அடுத்த கிருத்திகை காலையில் சமையலறை ஆணியிலேயே தொங்கியது. "எனக்கு ரெண்டு வாழப்பழம் போதும்" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். நான் கேரியரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மச்சினி வீட்டு வாசற்படியில் மிகச் சில கேரியர்களே இருந்தன. பழைய வியாபாரத்தில் கால்பங்குகூட இராது. அவள் மொட்டைமாடியில் பெட்டியை வெயிலுக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டு இறங்கி வந்தாள். "பாவா, அக்காவுக்குமா?" என்று கேட்டாள். இறங்கி வந்தவள் கேட்பதற்கு முன் நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை.

"எனக்கு மட்டும்" என்றேன்.