திருத்திய நேர்த்திக்கடன்

ஒரு விண்ணப்பத்தை மாற்ற விரும்பினால், விண்ணப்பித்தவர் தாமே, அதன்மீது முடிவு எடுக்கப்படுமுன், காரணம் காட்டி அறிவிக்க வேண்டும். அரசாங்கக் கந்தோர்களில் உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் இந்த விதியைச் சொல்லியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு பிள்ளையாருக்கும் இது பொருந்த வேண்டும் என்று ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தோன்றியது.

என் மனைவி கணித ஆசிரியையாக இருந்தவர். வெண்கட்டித் தூசியைத் தவிர வேறெதையும் அவர் நெஞ்சுக்குள் இழுத்ததில்லை. இருமல் நிற்கவில்லை என்று ஸ்கேன் செய்து, ஊசியால் சதைத் துண்டு எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். அவருடைய அக்காவும் அத்தானும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள். அத்தான் வாலிப வயதிலிருந்தே சிகரெட் பிடிப்பவர். செய்தி கேட்ட அன்று வெள்ளவத்தைக்கு வந்து, தன் வழக்கில் வேறொருவர் பிடிபட்டுவிட்டதைப் பார்த்தவர்போல, எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். தேநீரைக்கூடக் குடிக்கவில்லை.

நிபுணர் ஒரு இளம் பெண். பொறுமையாக விளங்கப்படுத்தினார். நுரையீரல் புற்றுநோய் என்பது ஒரே நோயல்ல. சிறுகல வகை என்று ஒன்று, வேகமாகப் பரவுவது, பெரும்பாலும் புகைப்பவர்களுக்கு வருவது. மற்றது சிறுகலம் அல்லாத வகை, அதற்குள்ளும் பிரிவுகள். தலைப்பு, உபதலைப்பு என்று ஒழுங்காக இருந்ததில் எனக்கு ஒரு திருப்தி. மனைவிக்கு வந்தது அந்த உபதலைப்புகளில் ஒன்றான அடினோகார்சினோமா. புகைக்காத பெண்களுக்கும் அது வரும். வெட்டி எடுக்கும் கட்டம் கடந்துவிட்டது. ஆனால் கட்டியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அதையே குறிவைக்கும் குளிசை இருக்கிறது. நாளுக்கு ஒன்று விழுங்கினால் போதும், வீட்டிலிருந்தே. நோயை அடியோடு சுகப்படுத்தாது, ஆனால் அடக்கி வைக்கும். மாற்றம் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து நாளத்தில் மருந்து ஏற்ற வேண்டும்.

மனைவியின் நாளங்கள் ஊசியைக் கண்டால் ஒளித்துக்கொள்ளும் சாதி. ஒரு சிறு குப்பி இரத்தம் எடுக்கவே தாதிமார் மாறி மாறி வந்து இரண்டு கையிலும் குத்திப் பார்ப்பார்கள். நோயைவிட அந்தக் கதிரைக்குத்தான் அவர் பயந்தார். ஆகவே எங்கள் வீட்டில் ஒரே ஆசை: அந்த மாற்றம் இருக்க வேண்டும். மெழுகில் பதித்த சதைத் துண்டு ஆய்வுகூடத்துக்குப் போனது. இரண்டு மூன்று கிழமையில் பதில் வரும் என்றார்கள்.

மூன்றாம் கிழமை அக்கா தொலைபேசியில் வந்தார்.

“தம்பி, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. நான் பிள்ளையாருக்கு நேர்ந்திட்டன். ஜீனிலை ஒரு மாற்றமும் இருக்கக்கூடாது எண்டு. நூற்றெட்டுத் தேங்காய்.”

“ஐயோ அக்கா, ஏன் அப்பிடி நேர்ந்தனீங்கள்?”

“பரம்பரை வியாதியெண்டு வந்தால் உங்கடை பிள்ளையளுக்கும் வருமெல்லோ?”

“இது பிறப்போடை வாற மாற்றமில்லை, அக்கா. பிறகு அந்தக் கட்டிக்குள்ளை மட்டும் வாறது. பிள்ளையளுக்குப் போகாது. அது இருந்தாத்தான் குளிசை தருவினம்.”

“அப்ப நான் தங்கச்சிக்கு எதிரா நேர்ந்துபோட்டனோ?”

“தேங்காய் இப்ப விக்கிற விலைக்கு, பிள்ளையார் உங்கடை பக்கம்தான் நிப்பார்.”

“பகிடி விடாதையுங்கோ, தம்பி.”

அக்கா சாப்பிடாமல் இருக்கிறார் என்று மறுநாள் அத்தான் சொன்னார். மனைவிக்குச் சிரிப்பும் கவலையும் சேர்ந்து வந்தன. “நீங்கள் போய் அக்காவின்ரை விண்ணப்பத்தை மாத்திப்போட்டு வாங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே” என்றார்.

வெள்ளவத்தையிலும் கோயில் இருக்கிறதுதான். ஆனால் கொடுத்த கந்தோரில்தான் திருத்த வேண்டும். பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனை போய், அக்காவையும் கூட்டிக்கொண்டு கோயில் ஐயர் முன்னால் நின்றேன்.

“ஐயா, ஒரு நேர்த்தியை வாபஸ் வாங்க என்ன நடைமுறை?”

“அப்பிடி ஒண்டு இல்லை. சொன்னது சொன்னதுதான்.”

“திருத்தலாமோ?”

“இன்னொண்டு நேரலாம்.”

“ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரெண்டால்?”

ஐயர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எது நடக்குதோ அதுக்கு உடையுங்கோ. நடக்காததுக்குப் பிள்ளையார் ஆள் அனுப்பமாட்டார்.”

இப்படித் தெளிவான தீர்ப்பை நான் எந்த அமைச்சிலும் கேட்டதில்லை. அக்காவுக்கு இன்னும் ஒரு சந்தேகம். “அதுக்கும் நூற்றெட்டு, இதுக்கும் நூற்றெட்டெண்டால் அவர் குழம்பமாட்டாரோ, ஐயா?”

“இதுக்கு நூற்றொன்பது எண்டு சொல்லுங்கோ” என்றேன் நான்.

“நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ” என்றார் அக்கா. ஐயர் திருநீற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார்.

அக்கா கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “பிள்ளையாரே, போனமுறை சொன்னதை விடுங்கோ. தங்கச்சிக்கு அந்த மாற்றம் இருக்கவேணும். கட்டிக்குள்ளை மட்டும். பிள்ளையளுக்கு வேண்டாம்.”

விதிப்படி பார்த்தால் முடிவு ஏற்கெனவே அந்த மெழுகுக்குள் இருந்தது. காலம் கடந்த விண்ணப்பம் என்று நான் சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பேன். ஆனாலும் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கணக்குப் பார்த்தார். “ஒண்டு சக, ஒண்டு சய, பிளஸும் மைனஸும். கூட்டினால் சைபர்.”

“இல்லை. முதலாவது செல்லாதெண்டு ஐயர் தீர்ப்புச் சொல்லிப்போட்டார்.”

“எழுத்திலை வாங்கினீங்களோ?”

வாங்கவில்லை. அப்படி ஒரு தவறு என் உத்தியோக காலத்தில் நடந்ததில்லை.

பதில் மட்டும் வரவில்லை. ஆய்வுகூடத்தில் ஏதோ ஒரு இரசாயனம் தீர்ந்துவிட்டதாம், கப்பலில் வருகிறதாம். ஞாபகமூட்டல் கடிதம் ஒன்று அனுப்பினேன், பிறகு முதலாவதைச் சுட்டிக்காட்டி இன்னொன்று. மனைவியின் இருமல் கூடிக்கொண்டு போனது. பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனால் பாதி வழியில் ரயில் பாதையோரம் நின்று மூச்சு வாங்கினார். இனியும் பொறுக்க முடியாது, வருகிற கிழமை மருந்து ஏற்றத் தொடங்குவோம் என்று நிபுணர் நாள் குறித்தார். மனைவி முழுக்கைச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்து அணிந்துகொண்டார், வீட்டுக்குள்ளேயே.

அந்த நாளுக்கு முன்பே நிபுணர் தொலைபேசி எடுத்தார். “அம்மாவுக்கு அந்த மாற்றம் இருக்கு. நாளைக்கே குளிசை தொடங்கலாம்” என்றார். நான் சொன்னதைக் கேட்ட மனைவி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, அக்காவின் இலக்கத்தை அழுத்தினார். கோவையில் குறிப்பதென்றால், ஆய்வுகூடத்தின் பதில் வந்தது சித்திரைப் பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை.