பூபதிக்கு முன்னால் போன குதிரை

என் எஜமான் ராடேன் பிரவிரதிர்ஜா உதவி வெதானாவாகவே பதினாலு வருஷம் ஓட்டினார். என்னைத் திட்டுவதென்றாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். அப்படிப்பட்ட ஆளுக்கு யார் பதவி உயர்வு கொடுப்பார்கள்? வட்டாரத்துக்கே அதிகாரியான வெதானா ஆக வேண்டுமென்றால் ஜில்லாவை ஆளும் பூபதி மனது வைக்க வேண்டும், டச்சு துரை கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் வட்டாரம் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

குதிரைக்காரனான எனக்கு வேறு கவலை. அவருடைய சும்பாத் தீவுக் குதிரை லிந்து, எந்தக் குதிரையையும் தனக்கு முன்னால் போக விடாது. பூபதிக்கு முன்னால் போய்விட்டால் பதவியை மறந்துவிட வேண்டியதுதான்.

"ந்தோரோ, கிழட்டுக் குதிரையில போங்க. இது மானத்த வாங்கிரும்," என்றேன் எஜமானிடம்.

"பதினாலு வருஷமா நான் எல்லார் பின்னாடியும்தான்டா போறேன், சரிமன். நம்ம வீட்டுல ஒருத்தனுக்காவது முன்னாடி போற ஆசை இருக்கட்டுமே. நான் இழுத்துப் பிடிச்சுக்கிறேன்."

பிடித்தார், மூன்று மணி நேரம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை. உத்தியோகக் குடும்பத்து வளர்ப்பு அப்படி.

ஆற்றங்கரையில் வந்தது வினை. புதுத்தண்ணீர் கலங்கி ஓடியது. பூபதியின் வெள்ளைக் குதிரை இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. துரையின் குதிரையும் அதைப் பார்த்துப் பின்வாங்கியது. துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பூபதியைத் தாண்ட யாருக்குத் துணிச்சல்?

லிந்துவுக்கு இருந்தது. எஜமானைச் சுமந்துகொண்டு ஒரே பாய்ச்சலில் ஆற்றுக்குள் போய்விட்டது.

நடு ஆற்றில், இடுப்பளவு தண்ணீரில், எஜமான் கடிவாளத்தை விட்டுவிட்டுக் குதித்தார். பூபதி பக்கம் திரும்பி அப்படியே மண்டியிட்டுக் கும்பிட்டார். தலையும் கூப்பிய கையும்தான் வெளியே தெரிந்தன. லிந்து தனியாக அக்கரை ஏறிக் கனைத்தது. அதைக் கேட்டு வெள்ளைக் குதிரையும் இறங்கியது.

பூபதி அவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"என்னய்யா, மீன் பிடிக்கிறியா?"

"மன்னிக்கணும் கஞ்செங். குதிரைக்கு மரியாதை சொல்லிக் குடுத்தது போதல."

"முன்னாடி போனது குதிரை. நீ இங்கதானே கெடக்கிற! எந்திரி, எந்திரி, என் பின்னாடி வா. சளி பிடிக்கப்போவுது."

துரை வாய்விட்டுச் சிரித்தார்.

ஆறு மாதம் கழித்து உத்தரவு வந்தது. வெதானாதான். ஆனால் யாரும் போக ஒப்பாத மலைப்பக்கம். வழியில் ஒன்பது ஆறு, ஒன்றுக்கும் பாலம் கிடையாது.

எஜமான் காகிதத்தை இரண்டு தரம் படித்து மடித்து வைத்தார்.

"போய் லிந்துகிட்டச் சொல்லுடா, அதுக்கு வேல கெடச்சிருச்சுன்னு."

ஒரு துண்டு பனைவெல்லத்தோடு போய்ச் சொன்னேன்.